பன்னிரண்டு வார்த்தைக்கு மூன்று பங்கு

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு உலகத்தில் தெரியாததே கிடையாது என்று ஊர் முடிவு கட்டிவிடும். இந்தத் தொழிலில் மின்வெட்டைவிடப் பெரிய தொல்லை அதுதான்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற ரோட்டில் ஒரு முக்கில் என் கடை. கரண்ட் பில், பட்டா நகல், பயிர்க் காப்பீடு, பான் கார்டு, காலேஜ் அட்மிஷன், எல்லாம் செய்து கொடுப்பேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். கிரிப்டோ தெரியாது. என் தங்கை வீட்டுக்காரர் ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல் என் போனில் ஏதோ ஒரு ஆப்பை ஏற்றி, ஐந்நூறு ரூபாய்க்கு பிட்காயின் வாங்கி வைத்துவிட்டுப் போனார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எதிர்த்த டீக்கடையில் சொல்லிவிட்டேன். சாயந்திரத்துக்குள், "கம்ப்யூட்டர் கடை விமலாவுக்கு அந்தக் காயின் கணக்கெல்லாம் அத்துப்படி" என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

உங்களில் யாராவது இப்படி ஒரு கடை வைத்திருந்தால், கீழே எழுதியிருப்பதைப் படிக்கும்போது உங்களுக்கே உங்கள் மேல் இரக்கம் வரும். வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

வரப்பு எங்கே?

முதலில் வந்தவர் சிங்கப்பூர் சாமிநாதன். கப்பல் கட்டும் இடத்தில் இருபத்திரண்டு வருஷம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இங்கே நெல் போடுகிறவர். நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சம்சாரம் ராஜாத்தி பெரியம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போய்விட்டது. முப்பது வருஷம் சேற்றில் நின்று நடவு நட்ட முட்டி. ராத்திரி பாத்ரூம் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே போவார். ரெண்டையும் ஆபரேஷன் செய்து மாற்றிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியப்பாவிடம் ஒதுக்கி வைத்த பணம் கொஞ்சம் இருந்தது. "பேங்க்ல கெடந்தா ஒரு முட்டிக்குத்தாம்மா வரும். கூட வேலை பார்த்தவன் சொல்றான், இதுல போட்டா ரெண்டு முட்டிக்கும் வந்துடுமாம்" என்றார். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு, "சரி, எப்படிப் போடறது?" என்றார்.

ஒரு பிட்காயின் விலையைப் பார்த்ததும் மனுஷர் ஆடிப்போய்விட்டார். முழுசாக வாங்க வேண்டியதில்லை, துண்டு துண்டாகவும் வாங்கலாம் என்று விளக்கப் போனேன். எப்படிச் சொன்னாலும் ஏறவில்லை. கடைசியில், "பெரியப்பா, ஒரு வேலி நிலம் வாங்க முடியாதவன் ஒரு மா வாங்கறான். அதுவும் முடியாதவன் பத்துக் குழி வாங்கறதில்லையா? அது மாதிரி" என்றேன். அடடா, என்ன அழகாக விளக்கிவிட்டோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. பட்டா யார் பேருக்கு வரும், வில்லங்கம் பார்த்தாச்சா, அடங்கலில் ஏறுமா, பக்கத்துக் குழிக்காரன் யாரு என்று ஆரம்பித்துவிட்டார். எதுவுமே கிடையாது பெரியப்பா, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, பத்துக் குழி, பத்துக் குழிங்கறே, வரப்பு எங்கேன்னு மட்டும் காட்ட மாட்டேங்கறியே!"

கண்ணைச் சிமிட்டுங்க

கணக்கு ஆரம்பிக்க அந்த ஆப் முகத்தைப் படம் பிடிக்கும். உயிரோடு இருக்கிற ஆள்தானா, போட்டோவைக் காட்டி ஏமாற்றுகிறார்களா என்று பார்ப்பதற்காக, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்றெல்லாம் கேட்கும். போட்டோ என்றதும் பெரியப்பா, "செத்த இரும்மா" என்று வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தார். இடது பக்கம் திரும்பினார். வலது பக்கம் திரும்பினார். கண்ணைச் சிமிட்டச் சொன்னபோது மட்டும் சிலை மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார். ஆப் ரத்து செய்தது. மறுபடி. மறுபடி ரத்து. ஏழு தடவை.

கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். ரேஷன் கார்டு நகல் எடுக்க நாலு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குப் பொறுமை போய், "பெரியப்பா, ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறங்களேன், என்னதான் கஷ்டம் உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"நாலு பொம்பளைங்க நிக்கிற எடத்துல என்னைக் கண்ணடிக்கச் சொல்றே, ராஜாத்தி காதுக்குப் போனா நீ வந்து பதில் சொல்லுவியா?"

வாத்தியார் கேட்ட யோசனை

பெரியப்பாவின் மூத்த மகன் பாஸ்கர், தஞ்சாவூரில் கணக்கு வாத்தியார். வரிசை கலைந்த பிறகு அப்பா ஒருவழியாகக் கண்ணைச் சிமிட்டி வாங்கியது தெரிந்ததும் அவரும் வாங்கினார். அப்புறம் அவருக்கு அந்த ஏற்ற இறக்கக் கோட்டைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஸ்கூல் மத்தியான இடைவேளையில் எனக்கு போன் வரும். "மேடம், இறங்குதே, வித்துடலாமா?" ஒரு தடவை, தொல்லை தாங்காமல், "வித்துடுங்க சார்" என்றேன். விற்றார். மறுநாள் அது ஏறிவிட்டது. ஒரு வாரம் போன் வரவில்லை. அப்பாடா என்று இருந்தேன். ஏறின விலையில் திரும்ப வாங்கியிருக்கிறார்; எட்டாம் நாள் அதே நேரத்துக்கு அதே குரல், அதே கேள்வி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், போன தடவை நான் சொன்னதே தப்பாப் போச்சு, திரும்ப எதுக்கு என்னையே கேக்குறீங்க?" என்றேன்.

"அதுக்காகத்தான் மேடம் கேக்குறேன், நீங்க சொல்லுங்க, நான் நேர்மாறாச் செஞ்சுக்கறேன்."

மறியல்

ஒருநாள் விலை தடாலென்று விழுந்தது. எதிர்த்த டீக்கடை ராஜாங்கம் அண்ணனும் என் பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் போட்டிருந்தார். பேச்சைக் கேட்டு என்றால், நான் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு. இவள் வேண்டாம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். வடைச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு, கரண்டியோடு வந்து நின்றார். "இதுக்குத் தலைமை ஆபீஸ் எங்கம்மா?" இல்லை அண்ணே என்றேன். "முதலாளி யாரு?" யாருக்கும் தெரியாதாம் அண்ணே. "கவர்ன்மென்ட்ல எந்த இலாகா?" எதிலும் இல்லை அண்ணே.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், அவர் பேரில் தப்பில்லை. தண்ணீர் வரவில்லை என்றால் மறியல், கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கவில்லை என்றால் மறியல், எதுவாக இருந்தாலும் ரோட்டில் உட்கார்ந்தால் தாசில்தாராவது வந்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அப்படியே பழகிய ஊர். அவர் எவ்வளவு யோசித்தாலும் இதில் உட்கார இடம் அகப்படவில்லை.

"ஆபீஸும் இல்லை, ஆளும் இல்லைன்னா, எந்த ரோட்டுலம்மா போய் உக்கார்றது?"

பாகப் பிரிவினை

கொஞ்ச நாளில் யாரோ யூடியூபில், ஆப்பிலேயே வைத்திருக்காதீர்கள், போனில் சொந்தமாக ஒரு பெட்டி ஏற்படுத்தி அதில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். பெரியப்பா வந்து நின்றார். செய்து கொடுத்தேன். அப்படிப் பெட்டி ஏற்படுத்தினால் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை வரும். போன் தொலைந்தாலும் அந்தப் பன்னிரண்டையும் வரிசையாகப் போட்டால் பெட்டி திறந்துவிடும். அவை இல்லையென்றால் எந்தச் சாமி வந்தாலும் திறக்காது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர் ஒவ்வொன்றாகப் பெரிய எழுத்தில் நீல மையால் எழுதிக்கொண்டார். ஒன்று போனாலும் எல்லாம் போச்சு, வரிசை மாறக் கூடாது, ஜாக்கிரதை என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

மறு வாரம் மனுஷர் கல்யாணம் முடித்த களையோடு வந்தார். "எனக்கு ஒண்ணு ஆயிட்டா புள்ளைங்க அடிச்சுக்கக் கூடாது பாரு, அதான் பாகம் பிரிச்சுட்டேன். ஆளுக்கு நாலு. பெரியவனுக்கு முதல் நாலு, கவிதாவுக்கு நடு நாலு, சின்னவனுக்குக் கடைசி நாலு." நகல் வைத்திருக்கிறீர்களா என்றேன். "கிழிச்சுத்தானேம்மா குடுத்தேன், அப்புறம் எதுக்கு நகல்?" என்றார். யோசித்துப் பாருங்கள். பெரியவர் பாஸ்கரும் சின்னவர் முருகேசனும் பேசி ரெண்டு வருஷமாகிறது. நிலத்தைப் பிரித்தபோது போர்வெல் அண்ணன் பங்கோடு போய்விட்டது. தம்பிக்குக் கிடைத்தது வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல். எல்லோர் வயலுக்கும் பாய்ந்து மிச்சமிருந்தால்தான் அங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும். அந்த முருகேசன் பயிர்க் காப்பீடு போட வந்தபோது, "உங்க அப்பா குடுத்த சீட்டைப் பத்திரமா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். நான் எதற்குக் கேட்டேனோ!

"வச்சிருக்கேங்க, ஆனா வாய்க்கால்லயும் எனக்குக் கடைமடை, இந்த எழவுலயும் எனக்குக் கடைமடையாங்க?"

தண்ணீர் வந்த நாள்

மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று தகவல் வந்தால் ஊரே கரைக்கு ஓடும். பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டு வரவேற்பார்கள். பெரியப்பாவும் ஓடினார். ரெண்டு கையிலும் பூவை அள்ளிக்கொண்டு குனிந்தார். சட்டைப் பையில் இருந்த போன் பூவோடு சேர்ந்து போய்விட்டது. புதுத் தண்ணீர், செக்கச் செவேலென்று என்ன வேகம்! நாலு பேர் குதித்துத் தேடினார்கள். ஒரு பழைய செருப்பும் ஒரு பிளாஸ்டிக் குடமும் கிடைத்தன.

மறுநாள் ரெண்டு பேரும் ஆட்டோவில் வந்தார்கள். ராஜாத்தி பெரியம்மா என் கடையின் ஒரே படியில் ஏற ஆட்டோக்காரரும் நானும் பிடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர இன்னும் பத்து நாள். பணம் முழுக்க அந்தப் பெட்டியில். பெரியப்பா புது போன் ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு, குற்றம் செய்தவர் மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா என்றேன். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினதோடு சரி, என்னவென்றே தெரியாது என்றார். பெரியம்மாதான் பேசினார்.

"இருபத்திரண்டு வருஷம் கடல் தாண்டிச் சம்பாரிச்சதை, முழங்கால் ஆழத் தண்ணியில விட்டுட்டு வந்திருக்காரு விமலா."

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை மூன்று பிள்ளைகளையும் கடைக்கு வரச் சொன்னேன். பாஸ்கர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்து உட்கார்ந்தார். முருகேசன் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார். பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட கவிதா, சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் சுருட்டிப் பர்ஸில் வைத்திருந்தாள். பெரியப்பாவும் பெரியம்மாவும் நாற்காலியில். கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். என் கம்ப்யூட்டர் வேண்டாம், பெரியப்பாவின் புது போனிலேயே போடுங்கள் என்றேன். பாஸ்கர் தோளால் மறைத்துக்கொண்டு நாலு வார்த்தை போட்டார். கவிதா நாலு. அடுத்து முருகேசன், "கவிதா, உன் அண்ணனைத் தள்ளி உக்காரச் சொல்லு" என்றார். தள்ளி உட்கார்ந்தார். தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் போட்டு முடித்தார்.

தவறு என்று வந்தது. திரும்பப் போட்டோம். தவறு. பங்குகளை முன்னும் பின்னும் மாற்றிக்கூடப் போட்டுப் பார்த்தோம். தவறு, தவறு. "கடைசி நாலுலதான் ஏதோ இருக்கு" என்று பாஸ்கர் மேலே பார்த்துச் சொல்ல, "என்னைத் திருடன்னு சொல்றாராம்மா?" என்று முருகேசன் எகிற, கவிதா நடுவில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியம்மா முட்டியைத் தடவிக்கொண்டே, "விடுங்கடா, எனக்கு ஆபரேஷனும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார். எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. "மூணு சீட்டையும் மேஜையில வைங்க!" என்று கத்தினேன். ரகசியமாவது ஒன்றாவது! வைத்தார்கள். பதினொரு வார்த்தை பெரியப்பாவின் பெரிய எழுத்து, நீல மை. முருகேசன் சீட்டில் மூன்றாவது வார்த்தை மட்டும் வயலட் மை, உருண்டை உருண்டையான பிள்ளை எழுத்து. கோல்டு. இது யார் எழுதினது என்றேன். முருகேசன் முழித்தார். வெளியே மொபெட் பக்கத்தில் நின்றிருந்த அவர் சம்சாரம் செல்வி மெதுவாகத் தலையை உள்ளே நீட்டினாள்.

"அது எம் பொண்ணு எழுத்துக்கா. பூஜை ரூம்ல லட்சுமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தோம். அவகிட்ட ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் கேட்டேன். அதுல ஒண்ணு ஆகாத வார்த்தை. சாமி ரூம்ல அதை எழுதி வைக்கலாமா? அதான் அழிச்சுட்டு நல்லதா ஒண்ணு எழுதச் சொன்னேன்." என்ன வார்த்தை என்றேன். இங்கிலீஷில் ஞாபகம் இல்லையாம். சரி, அர்த்தத்தைச் சொல்லு. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அதை என் வாயால சொல்ல மாட்டேன்க்கா." மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். முருகேசன் அதட்டினார், கவிதா கெஞ்சினாள், பாஸ்கர் ரெண்டு வருஷத்துக்கப்புறம் முதல் தடவையாகத் தம்பியைப் பார்த்து, "நீயாவது கேட்டுச் சொல்லேன்டா" என்றார். செல்வி தலையை ஆட்டி மறுத்தாள். கடைசியில் பெரியம்மா அவள் கையைப் பிடித்து, "ஆயி, என்னால நிக்க முடியலடி" என்றார். செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமனாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மாமா சிங்கப்பூர் போறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுல இருந்துச்சுன்னு சொல்லுவீங்களே அத்தை, அது."

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் வறுமைக்கு இங்கிலீஷைத் தேடி, பாவர்ட்டி என்று அந்த இடத்தில் போட்டேன். திறந்துவிட்டது! எல்லோரும் ஒரே சமயத்தில் போனுக்கு மேல் விழுந்தார்கள். பாஸ்கரின் ஹெல்மெட் முருகேசன் நெற்றியில் இடித்தது, ரெண்டு பேரும் கவனிக்கவில்லை. விலை இறங்கியிருந்தது. பாஸ்கர் கணக்குப் போட்டு, "ஒண்ணரை முட்டிக்கு வரும்" என்றார். மிச்ச அரை முட்டியை நான் போடுகிறேன் என்றார். "ஏன், நான் போட மாட்டேனா? எப்பவும் நீங்களே எடுத்துக்குவீங்களா?" என்று முருகேசன் கிளம்பினார். அப்படியென்றால் வலதா இடதா என்று பேச்சு வந்தது. முதலில் செய்கிற முட்டி என்னுடையதாக இருக்கட்டும், கடைசியில் வருவது எனக்கு வேண்டாம் என்று முருகேசன் அடித்துச் சொல்ல, நானும் மகள்தானே, எனக்குப் பங்கில்லையா என்று கவிதாவும் சேர்ந்துகொண்டாள். பெரியம்மா நாற்காலியின் கையைத் தட்டினார்.

"அடப்பாவிகளா, என் முட்டியையாவது பங்கு போடாம விடுங்கடா!"

கிரிப்டோ என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ராஜாத்தி பெரியம்மா போன வாரம் யார் கையையும் பிடிக்காமல் என் கடைப் படியேறி வந்து, எனக்கும் அதுல கொஞ்சம் போட்டு விடேன் விமலா என்று நிற்கிறபோது, வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது என்பதும் விளங்கவில்லை.